பிரிட்டனின் பொறியியல் முதுநிலைப் படிப்புகள்: மீளாய்வின் பலன் யாரைச் சேர்கிறது?

பிரிட்டனில் பொறியியல் முதுநிலைப் பட்டப்படிப்புகள் வெளியாரின் தொடர்ச்சியான மதிப்பீட்டுக்கு உட்பட்டவை. வேறொரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஆண்டுதோறும் விடைத்தாள்களையும் ஆய்வறிக்கைகளையும் பார்வையிட்டு அறிக்கை தருகிறார். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை வல்லுநர் குழு ஒன்று பாடத்திட்டம் முழுவதையும் ஆராய்கிறது. குறைகள் பட்டியலிடப்படுகின்றன. துறை அவற்றுக்கு எழுத்தில் பதிலளிக்கிறது. பின்னர் பாடத்திட்டம் திருத்தப்படுகிறது.

ஆனால் அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வரும் வேளையில், யாருடைய விடைத்தாள்களில் குறை கண்டுபிடிக்கப்பட்டதோ அந்த மாணவர்கள் பல்கலைக்கழகத்தில் இருப்பதில்லை. படிப்பின் காலம் ஓராண்டு மட்டுமே. கட்டணத்தைச் செலுத்தியவர்கள் ஒரு தொகுதியினர். திருத்தத்தின் பலனைப் பெறுகிறவர்கள் மற்றொரு தொகுதியினர்.

இது தமிழர்களுக்குத் தொலைவில் உள்ள பிரச்சினையல்ல. 2022-23 கல்வியாண்டில் பிரிட்டனில் பயின்ற இந்திய மாணவர்களின் எண்ணிக்கை சுமார் ஒரு லட்சத்து 73 ஆயிரமாக உயர்ந்து, சீன மாணவர்களின் எண்ணிக்கையைத் தாண்டியது. அவர்களில் பெரும்பாலானோர் ஓராண்டு முதுநிலைப் படிப்புக்காக வந்தவர்கள். தமிழகத்தின் பொறியியல் கல்லூரிகளிலிருந்தும் இலங்கையின் பல்கலைக்கழகங்களிலிருந்தும் வந்த பலர் அவர்களுடன் ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கான பொறியியல் முதுநிலைக் கட்டணம் பல பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்கு 20 ஆயிரம் பவுண்டுகளைத் தாண்டுகிறது. முன்னணிப் பல்கலைக்கழகங்களில் அது 30 ஆயிரத்துக்கும் மேல். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் பெறும் குடும்பத்திற்கு, அந்த ஓராண்டின் தரம் என்பது மறுமுறை வாய்க்காத ஒன்று.

பழைய மரபு

வெளியாரைக் கொண்டு தேர்வை மதிப்பிடும் வழக்கம் பிரிட்டனில் ஏறத்தாழ இரு நூற்றாண்டுப் பழைமை உடையது. 1832இல் நிறுவப்பட்ட டரம் பல்கலைக்கழகம், தன் பட்டம் ஆக்ஸ்போர்டின் பட்டத்திற்குக் குறைந்ததல்ல என்று காட்டுவதற்காக ஆக்ஸ்போர்டிலிருந்தே தேர்வாளர்களை அழைத்தது. புதிய நிறுவனம் ஒன்று பழைய நிறுவனத்தின் சாட்சியத்தைக் கொண்டு தன் மதிப்பை நிலைநாட்டும் முறை அது.

இந்த மரபு குடியேற்ற நாடுகளுக்கும் சென்றது. 1921இல் தொடங்கப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியின் மாணவர்கள், 1942இல் தனிப் பல்கலைக்கழகம் உருவாகும் வரை லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரித் தேர்வுகளையே எழுதினர். தமிழகத்தில் 'புறத்தேர்வாளர்' என்றும் இலங்கையில் 'வெளிவாரிப் பரீட்சகர்' என்றும் நாம் அறிந்திருக்கும் பதவியும் இதே வழிவந்ததுதான்.

மூன்று அடுக்குகள்

இன்று ஒரு பொறியியல் முதுநிலைப் படிப்பு மூன்று அடுக்குகளில் ஆராயப்படுகிறது.

முதலாவது, வெளிவாரிப் பரீட்சகர். அவரைத் துறை முன்மொழிகிறது, பல்கலைக்கழகம் நியமிக்கிறது. வழக்கமாகப் பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். இரு துறைகள் தமக்குள் பரீட்சகர்களைப் பரிமாறிக்கொள்வதற்குத் தடை உண்டு. வினாத்தாள்களை அவர் முன்கூட்டியே பார்க்கிறார். விடைத்தாள்களின் மாதிரிகளைப் பரிசீலிக்கிறார். தேர்வுச் சபையில் கலந்துகொண்டு ஆண்டு அறிக்கை எழுதுகிறார். இப்பணிக்குக் கிடைப்பது சிறிய சன்மானமே.

இரண்டாவது, பல்கலைக்கழகமே நடத்தும் காலமுறை மீளாய்வு. பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு ஆண்டுகளுக்கு ஒரு முறை நிகழும் இதில், பிற பல்கலைக்கழகங்களின் பேராசிரியர்களும் சில வேளைகளில் தொழில்துறையினரும் இடம்பெறுகின்றனர்.

மூன்றாவது, தொழில்முறை அங்கீகாரம். பொறியியல் கவுன்சிலின் உரிமம் பெற்ற சுமார் 40 நிறுவனங்கள் இதனை மேற்கொள்கின்றன. இயந்திரவியல், மின்னியல், கட்டடவியல் என ஒவ்வொரு துறைக்கும் உரிய நிறுவனம் குழு அனுப்பி ஆராய்ந்து, வழக்கமாக ஐந்தாண்டு வரையிலான காலத்திற்கு அங்கீகாரம் அளிக்கிறது. முதலிரண்டு அடுக்குகளும் எல்லாப் படிப்புகளுக்கும் உரியவை. மூன்றாவது அடுக்கு, அங்கீகாரம் நாடும் படிப்புகளுக்கு மட்டுமே.

குறைகள் எத்தகையவை?

ஓராண்டு எம்.எஸ்சி படிப்பு 180 மதிப்பலகுகளைக் கொண்டது. ஒரு மதிப்பலகு பத்து மணி நேர உழைப்புக்குச் சமம் என்பது கணக்கு. ஆக, மாணவர் 1,800 மணி நேரம் உழைக்க வேண்டும். வழக்கமாக இதில் 120 மதிப்பலகுகள் வகுப்புகளுக்கும் 60 மதிப்பலகுகள் கோடைக்கால ஆய்வுத் திட்டத்திற்கும் ஒதுக்கப்படுகின்றன.

இந்தக் குறுகிய கட்டமைப்பே பல குறைகளுக்குக் காரணமாகிறது. மாணவர் தொகை கூடும்போது முதலில் பாதிக்கப்படுவது ஆய்வுத் திட்டம். ஒரு விரிவுரையாளர் ஐந்து மாணவர்களை வழிநடத்துவதற்கும் பதினைந்து மாணவர்களை வழிநடத்துவதற்கும் உள்ள வேறுபாடு, ஆய்வறிக்கையின் தரத்தில் தெரிந்துவிடும். ஆய்வுக்கூடத்தில் செய்ய வேண்டிய சோதனைகள் கணினிப் போலச்செய்தல்களாகச் சுருங்குவதும் உண்டு. எம்.எஸ்சி மாணவர்கள், நான்காண்டு எம்.இங் படிப்பின் இறுதியாண்டு மாணவர்களுடன் ஒரே வகுப்பில் அமர்த்தப்படும்போது, முந்தைய ஆண்டில் அதே துறையில் பயின்றவர்களுக்குத் தெரிந்த அடிப்படை, வெளியிலிருந்து வந்தவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஒப்படைகள் யாவும் ஒரே வாரத்தில் குவிவதும், முதல் ஒப்படையின் திருத்தக் குறிப்பு கிடைக்கும் முன்னரே இரண்டாவதைச் சமர்ப்பிக்க நேர்வதும் பழக்கமான முறைப்பாடுகள்.

அனுபவமிக்க வெளிவாரிப் பரீட்சகர் இவற்றைக் கண்டுகொள்வார். மதிப்பெண்கள் யாவும் தேர்ச்சி எல்லையான 50க்குச் சற்று மேலே குவிந்திருந்தால் அதற்குக் காரணம் கேட்பார். இரு மதிப்பீட்டாளர்கள் தனித்தனியே திருத்தினார்களா, ஒருவரின் குறிப்பை மற்றவர் வெறுமனே ஆமோதித்தாரா என்று பார்ப்பார். வெளியார் பார்வை பயனற்றது என்று யாரும் வாதிட முடியாது.

அதன் வலிமைக்கு ஓர் எடுத்துக்காட்டையும் குறிப்பிடலாம். ஒரு பாடத்தில் சற்றுக் குறைந்த மதிப்பெண் பெற்றவர் ஏனைய பாடங்களின் பலத்தில் தேறுவதற்குப் பல்கலைக்கழகங்கள் வெவ்வேறு அளவில் இடமளித்து வந்தன. அங்கீகாரம் பெற்ற எம்.எஸ்சி படிப்புகளில் இச்சலுகை 20 மதிப்பலகுகளுக்கு மேல் செல்லக் கூடாது என்றும், அந்த மதிப்பெண் தேர்ச்சி எல்லைக்குப் பத்துக்கு மேல் குறையக் கூடாது என்றும் பொறியியல் கவுன்சில் வரையறுத்தது. 2022இலிருந்து புதிய மாணவர்களுக்கு நடைமுறைக்கு வந்த இவ்விதிக்கு ஏற்பப் பல்கலைக்கழகங்கள் தம் விதிகளைத் திருத்தின. வெளியாருக்கு அங்கீகாரத்தை மறுக்கும் அதிகாரம் இருக்கும்போது மாற்றம் விரைவாக நிகழ்கிறது. வெறும் ஆலோசனை கூறும் அதிகாரம் மட்டும் இருக்கும்போது அவ்வாறு நிகழ்வதில்லை.

ஓராண்டுக் கணக்கு

2022 செப்டம்பரில் சேர்ந்த ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். அவரது முதல் தேர்வுகள் 2023 ஜனவரியிலும் அடுத்தவை மே மாதத்திலும் நடந்திருக்கும். ஆகஸ்ட் இறுதியிலோ செப்டம்பரிலோ ஆய்வறிக்கையைச் சமர்ப்பித்திருப்பார். பட்டத்தை முடிவு செய்யும் தேர்வுச் சபை அக்டோபர் அல்லது நவம்பரில் கூடும். வெளிவாரிப் பரீட்சகரின் முழுமையான அறிக்கை அதற்குப் பின்னரே வரும். அப்போது அடுத்த தொகுதி மாணவர்கள் முதல் பருவத்தின் பாதியைக் கடந்திருப்பார்கள்.

துறை பதில் எழுதி, பீடக் குழு ஒப்புதல் அளிக்க அடுத்த ஆண்டின் வசந்தகாலம் ஆகிவிடும். எனவே பாட அலகொன்றில் செய்யப்படும் மாற்றம் 2024 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வரும். மாற்றம் பெரியதாயின் மேலும் ஓராண்டு ஆகலாம். விளம்பரப்படுத்திய படிப்பையே வழங்க வேண்டும் என்று நுகர்வோர் சட்டம் கூறுவது இதற்கு ஒரு காரணம். பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் 2015இலேயே பல்கலைக்கழகங்களுக்கு இது குறித்து வழிகாட்டுதல் வெளியிட்டது. மாணவரைக் காக்க ஏற்பட்ட விதி, சில வேளைகளில் குறையுள்ள படிப்பையும் காத்துவிடுகிறது.

இதற்கிடையில் நமது மாணவரின் நிலை என்ன? 2021 ஜூலையில் அறிமுகமான பட்டதாரி விசாவின் கீழ் அவருக்கு இரண்டு ஆண்டுகள் பிரிட்டனில் தங்கி வேலை தேட அனுமதி கிடைத்திருக்கும். அவரது ஆண்டில் கண்டறியப்பட்ட குறை திருத்தப்படும்போது, அந்த இரண்டு ஆண்டுகளில் கணிசமான பகுதி கழிந்திருக்கும். அரசு 2025இல் அறிவித்த மாற்றத்தின்படி, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கும் முதுநிலைப் பட்டதாரிகளுக்கு இந்தக் காலம் 18 மாதங்களாகக் குறைகிறது. படிப்பில் விட்டுப்போனதை வேலையில் கற்றுக்கொள்ளக் கிடைத்த அவகாசமும் இதனால் சுருங்குகிறது.

வெளியே தெரியாத அறிக்கைகள்

அறிக்கையின் தாமதத்தைவிடப் பெரிய குறை, அது பொதுமக்களின் பார்வைக்கு வராமல் இருப்பது.

1990களின் பிற்பகுதியில் ஒவ்வொரு பாடத்துறைக்கும் ஆறு அம்சங்களில் தலா நான்கு என மொத்தம் 24 புள்ளிகள் வழங்கி, முடிவைப் பகிரங்கமாக வெளியிடும் முறை இங்கிலாந்தில் இருந்தது. காகித வேலை அதிகம் என்றும் சுயாட்சிக்கு ஊறு என்றும் பல்கலைக்கழகங்கள் கடுமையாக எதிர்த்ததைத் தொடர்ந்து 2001இல் அது கைவிடப்பட்டது. அதன் பின்னர் தர உறுதிப்பாட்டு முகமை பல்கலைக்கழகத்தை முழுமையாக மதிப்பிட்டதே தவிர, ஒவ்வொரு படிப்பையும் மதிப்பிடவில்லை. 2023 மார்ச்சுடன், இங்கிலாந்தில் அம்முகமை வகித்து வந்த சட்டபூர்வப் பொறுப்பும் முடிவுக்கு வந்தது.

2009இல் நாடாளுமன்றக் குழு ஒன்று பட்டங்களின் தரம் குறித்துக் கேள்வி எழுப்பியது. 2011இல் ஜேனட் ஃபின்ச் தலைமையிலான மீளாய்வு வெளிவாரிப் பரீட்சகர் முறையை ஆராய்ந்தது. பரீட்சகரின் அறிக்கையை மாணவர்கள் பார்க்க இயல வேண்டும் என்ற கொள்கை அக்காலத்தில்தான் உறுதிப்பட்டது. ஆனால் அந்த உரிமை ஏற்கெனவே சேர்ந்துவிட்ட மாணவர்களுக்கு உரியது. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்துகொண்டு எந்தப் பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பிப்பது என்று யோசிப்பவருக்கு அறிக்கை பெரும்பாலும் எட்டுவதில்லை.

பிற தகவல் வழிகளும் முதுநிலை மாணவர்களை விட்டுவிடுகின்றன. 2005இல் தொடங்கிய தேசிய மாணவர் கருத்தாய்வு இளநிலை மாணவர்களுக்கானது. கற்பித்தல் தரத்திற்குத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று வழங்கப்படும் தரவரிசையும் இளநிலைக் கல்வியையே அளக்கிறது. முதுநிலை மாணவர்களிடம் தனியே ஒரு கருத்தாய்வு நடத்தப்படுகிறது. ஆனால் பல்கலைக்கழக வாரியான அதன் முடிவுகள் வெளியிடப்படுவதில்லை. மிக அதிகக் கட்டணம் செலுத்துகிறவர்களுக்கே மிகக் குறைந்த தகவல் கிடைக்கிறது.

'அங்கீகாரம்' என்ற சொல்

விளம்பரங்களில் காணப்படும் 'அங்கீகரிக்கப்பட்ட எம்.எஸ்சி' என்ற சொற்றொடரையும் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். பட்டயப் பொறியியலாளர் தகுதிக்கான கல்வி நிபந்தனையை ஓர் எம்.எஸ்சி பட்டம் தனித்து நிறைவு செய்வதில்லை. அங்கீகாரம் பெற்ற இளநிலைப் பட்டமும் அதற்கு அடித்தளமாக இருக்க வேண்டும். இல்லையெனில் விண்ணப்பதாரர் தனிப்பட்ட மதிப்பீட்டுக்கு உட்பட வேண்டும்.

பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்க வழிசெய்யும் வாஷிங்டன் உடன்பாட்டில் இந்தியாவும் இலங்கையும் 2014இல் முழு உறுப்பினராயின. ஆனால் இந்தியாவில் தேசிய அங்கீகார வாரியத்தின் முதல் பிரிவில் அங்கீகாரம் பெற்ற படிப்புகளே இந்த உடன்பாட்டின் கீழ் வருகின்றன. தன்னாட்சி பெறாத இணைப்புக் கல்லூரிகளின் படிப்புகள் இரண்டாம் பிரிவைச் சேர்ந்தவை. அத்தகைய கல்லூரியில் பயின்றவர், லண்டனில் எம்.எஸ்சி முடித்தவுடன் கதவு தானே திறந்துவிடும் என்று நம்பி வந்தால் ஏமாற்றமடைய நேரிடும்.

பணமும் தரமும்

இங்கிலாந்தில் உள்நாட்டு இளநிலை மாணவர்களின் கட்டண உச்சவரம்பு 2017 முதல் 9,250 பவுண்டுகளாக நீடித்து, 2025-26இல்தான் 9,535 ஆனது. விலைவாசியோ அந்த ஆண்டுகளில் வெகுவாக ஏறியது. வெளிநாட்டு முதுநிலை மாணவர்களின் கட்டணத்திற்கு உச்சவரம்பு இல்லை. இடைவெளியை நிரப்பியது அந்தப் பணமே. இருந்தும், 2024-25இல் தமக்குப் பற்றாக்குறை ஏற்படும் என நாற்பது சதவீதத்துக்கும் அதிகமான நிறுவனங்கள் எதிர்பார்த்ததாக இங்கிலாந்தின் உயர்கல்வி ஒழுங்குமுறை அமைப்பு 2025 மே மாதம் தெரிவித்தது.

இச்சூழலில், 'ஆய்வுத் திட்ட வழிகாட்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், அல்லது மாணவர் சேர்க்கையைக் குறையுங்கள்' என்று வெளிவாரிப் பரீட்சகர் எழுதினால், அது கல்வி ஆலோசனை மட்டுமல்ல, வரவுசெலவுத் திட்டத்தின் மீதான விமர்சனமும் ஆகிவிடுகிறது. ஒப்படைத் தேதிகளை மாற்றுவதும் மதிப்பீட்டு அளவுகோலைத் திருத்தி எழுதுவதும் செலவில்லாதவை. அவை விரைவில் நிறைவேறுகின்றன. ஆசிரியர் நியமனமும் ஆய்வுக்கூட விரிவாக்கமும் 'பல்கலைக்கழகத்தின் கவனத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டுள்ளது' என்ற வாக்கியத்துடன் நின்றுவிடக்கூடியவை. அடுத்த ஆண்டின் அறிக்கையிலும் அதே பரிந்துரை இடம்பெறுமானால் காரணத்தைத் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை.

வேறு வழிகள்

வேறு வழிகள் இல்லாமல் இல்லை. ஸ்காட்லாந்தில் 2003 முதலே பல்கலைக்கழகங்களை மீளாய்வு செய்யும் குழுவில் மாணவர் ஒருவர் உறுப்பினராக இடம்பெற்று வருகிறார். ஜெர்மனியில் படிப்புகளுக்கான அங்கீகார முடிவுகளும் அறிக்கைகளும் பொதுவில் வெளியிடப்படுகின்றன. நிபந்தனை விதிக்கப்பட்டால் அதை வழக்கமாகப் பன்னிரண்டு மாதங்களுக்குள் நிறைவேற்ற வேண்டும். அங்கு பொறியியல் முதுநிலைப் படிப்பு பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள் என்பதால், முதலாம் ஆண்டில் கண்ட குறை இரண்டாம் ஆண்டிலேயே தீர்வதைக் காணும் வாய்ப்பு மாணவருக்கு இருக்கிறது.

பிரிட்டன் தன் ஓராண்டுப் படிப்பைக் கைவிடப் போவதில்லை. செலவும் காலமும் குறைவு என்பதே அதன் கவர்ச்சி. ஆனால் மீளாய்வின் நாட்காட்டியை மாற்ற முடியும். ஜனவரித் தேர்வுகளுக்குப் பின்னர் வெளிவாரிப் பரீட்சகர் மாணவர்களைச் சந்தித்து, பிப்ரவரியில் ஓர் இடைக்கால அறிக்கை தந்தால், ஒப்படைகளின் நெருக்கடியையும் திட்ட வழிகாட்டலின் குறைகளையும் அதே ஆண்டில் சீர்செய்ய இயலும். இதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை. பரீட்சகருக்குச் சற்று அதிக சன்மானமும், துறைக்குச் சற்று அதிக விருப்பமும் போதும்.

அறிக்கையும் அதற்கான பதிலும் விண்ணப்பதாரர்களுக்கும் கிடைக்க வேண்டும். பகிரங்கப்படுத்தினால் பரீட்சகர்கள் ஒளிவுமறைவின்றி எழுதத் தயங்குவார்கள் என்பது பல்கலைக்கழகத் தரப்பில் முன்வைக்கப்படும் வாதம். அதில் ஓரளவு நியாயம் உண்டு. தனிப்பட்ட ஆசிரியர்கள் பற்றிய குறிப்புகளைத் தனியே அனுப்பும் வழக்கம் அதற்காகவே உள்ளது. எஞ்சிய பகுதியை மறைப்பதற்கு வலுவான காரணம் இல்லை.

அது நடைமுறைக்கு வரும் வரை, விண்ணப்பிக்கும் மாணவர்கள் சேர்க்கை அலுவலகத்திடம் நேரடியாகக் கேட்கலாம். கடைசி மூன்று வெளிவாரிப் பரீட்சகர் அறிக்கைகளையும் பதில்களையும் பார்க்க முடியுமா? ஒரு வழிகாட்டியின் கீழ் எத்தனை ஆய்வுத் திட்ட மாணவர்கள்? அங்கீகாரம் எந்த ஆண்டுத் தொகுதி வரை செல்லுபடியாகும், அது நிபந்தனையுடன் வழங்கப்பட்டதா? எத்தனை பாட அலகுகள் இளநிலை மாணவர்களுடன் இணைத்து நடத்தப்படுகின்றன? தரகர்கள் இக்கேள்விகளுக்குப் பதில் தர மாட்டார்கள். துறை தரக்கூடும். தர மறுக்கும் துறையைப் பற்றி அந்த மறுப்பிலிருந்தே சிலவற்றை அறிந்துகொள்ளலாம்.

வெளியார் மீளாய்வு ஒரு படிப்பை மேம்படுத்துகிறது என்பதில் ஐயமில்லை. 2025இல் சேர்ந்தவர்களின் அனுபவத்தால் 2027இல் சேர்பவர்கள் பயனடைவார்கள். நீண்டகால நோக்கில் நிறுவனத்திற்கு இது போதுமானது. ஆனால் ஓராண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே செலுத்திவிட்டு வரும் மாணவருக்கு நீண்டகாலம் என்று ஒன்று இல்லை. அவரது ஆண்டிற்குள் பலன் தரும் மீளாய்வையே அவர் தரம் என்று ஏற்க முடியும்.